தூணுக்குப் பின்னால்

விளக்குகள் எரிந்தன.

கண் கூசும் வெளிச்சத்தில் கார் தனியாக நின்றது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாவல்பழ நிறம். தாழ்ந்த முன்பக்கம். கூரை ஒரே மூச்சில் பின்னால் இறங்கி முடிந்தது. பழைய மாடலும் வேகமான கார்தான். ஆனால் அது கோட் போட்ட பயில்வான் மாதிரி இருக்கும். நான்கு கதவு வைத்த சொகுசுக் காரை இப்படியும் செய்யலாம் என்று அதைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.

புதிய உருவில் முழுதாகச் செய்யப்பட்ட கார் இது ஒன்றுதான்.

இன்னும் சற்று நேரத்தில் இதைச் சுவரில் மோதவிடப் போகிறார்கள்.

பக்கத்தில் இம்தியாஸ் நின்றிருந்தார். காரை வரைந்தவர். மூன்று வருடமாக அவள் சண்டை போட்டது இவரோடுதான்.

சண்டை ஒரு தூணைப் பற்றியது.

முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்கி நிற்கும் தூண். பழைய காரில் அது தொடை கனம் இருந்தது. இம்தியாஸ் அதை மணிக்கட்டு அளவுக்கு வரைந்துகொண்டு வந்தார்.

காரின் எலும்புக்கூடு அவள் பொறுப்பு.

"இது நிக்காது சார். மோதுனா மடிஞ்சிரும். கூரை அப்படியே உள்ள இருக்கறவங்க மேல வந்துரும்."

"நிக்க வைங்க ஜெசிந்தா."

மற்றதையெல்லாம் அவர் விட்டுக்கொடுத்தார். விளக்கை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். முன்பக்க வலையைப் பெரிதாக்கச் சொன்னார்கள், முகம் சுளித்துக்கொண்டே பெரிதாக்கினார். தூணில் மட்டும் ஒரு நூல்கூட ஏற்றச் சம்மதிக்கவில்லை.

அழகுப் பைத்தியம் என்று அவள் நினைத்தாள். ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

பிறகு அவளுக்கே வெறி பிடித்தது. எஃகை மாற்றினாள். தூணுக்குள் குழாய் செருகினாள். விளிம்பை மடித்துப் பார்த்தாள், பிரித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் தூண் மடிந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் மடியவில்லை.

ஆனால் திரை வேறு, சுவர் வேறு. இன்று மடிந்தால் பழைய தூணையே வைப்பது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

மணி ஒலித்தது.

தரைக்கடியில் ஓடும் வடம் காரை இழுத்தது. எஞ்சின் சத்தம் இல்லை. டயர்கள் தரையை உரசும் ஓசை மட்டும். ஓட்டுநர் இருக்கையில் பொம்மை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

காரின் முழு முகமும் சுவரில் படாது. ஓட்டுநர் பக்கத்து மூலை மட்டும்தான். மொத்த அடியும் அந்தத் தூணுக்குத்தான் போகும்.

இடித்தது.

காதில் அல்ல, நெஞ்செலும்பில் கேட்டது.

முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. ஒரு சக்கரம் பிய்ந்து உருண்டது. பின்பக்கம் தரையை விட்டு எழும்பி, சுழன்று, தொப்பென்று விழுந்தது. கண்ணாடித் தூள் மழையாகக் கொட்டியது. அத்தனை பேர் இழைத்து இழைத்துச் செய்த முகம், இமைப்பதற்குள் இல்லை.

அழிவு தூண்வரை வந்தது.

அங்கே நின்றுவிட்டது.

ஆட்கள் நெருங்கிப்போய்க் கசிவு இல்லை என்று பார்த்துக் கையசைத்ததும் அவள் ஓடினாள். கதவின் பிடியைப் பற்றினாள். இழுத்தாள்.

ஷோரூமில் திறப்பதுபோல் கதவு திறந்தது.

பொம்மையின் முகத்தில் பூசியிருந்த நீலச் சாயம் காற்றுப்பையில் பதிந்திருந்தது. நெற்றி, மூக்கு, உதடு. மற்றபடி உள்ளே எதுவும் நசுங்கவில்லை. தூணை மேலிருந்து கீழாகத் தடவினாள். ஒரு சுருக்கம் இல்லை. தானே கணக்குப் போட்டுச் செய்த ஒன்று. ஆனாலும் யாரோ கொடுத்ததுபோல் இருந்தது.

"மாதாவே" என்றாள்.

இம்தியாஸ் வந்தார். தான் வரைந்த முகம் சிதறிக் கிடப்பதை அவர் பார்க்கவேயில்லை. பொம்மையை வெளியே எடுக்கும்வரை காத்திருந்தார். தொங்கிய பைகளை ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

தூண் இருந்த பக்கமாகப் பார்த்தார்.

"என் தம்பி ரோடு கிராஸ் பண்றப்போ ஒரு கார் திரும்புச்சு" என்றார். "ஆளே தெரியலன்னு கோர்ட்ல அந்த டிரைவர் சொன்னாரு. பொய் சொல்றான்னு அடிக்கப் போனேன். அப்புறம் ஒரு நாள், அதே மாதிரி வண்டில உக்காந்து பாத்தேன் ஜெசிந்தா. தூணுக்குப் பின்னால ஒரு முழு ஆள் மறையறான்."



அவள் சற்றுத் தள்ளிப் போனாள். கதவுப் பக்கத்திலிருந்து காரின் முன்பக்கம் நோக்கி நடந்தாள். செருப்புக்கடியில் கண்ணாடித் தூள் நெரிந்தது.

அவர் கண்கள் அவளோடு வந்தன. எங்கேயும் விட்டுப் போகவில்லை.

அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"இன்னொரு தடவ நடங்க" என்றார்.

அவள் திரும்பி நடந்தாள். இந்த முறை இன்னும் மெதுவாக.