மழை வேற, படி வேற

"இது கறியா, இல்ல என் பழைய பூட்ஸை வேக வெச்சியாடி?"

லென்னின் குரல். கூடவே தட்டு ஒன்று சுவரில் மோதி உடையும் சத்தம்.

பக்கத்து வீட்டு வின்னி சுவரிலிருந்து காதை எடுத்தாள். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அந்த மில் தெருவில் யார் தும்மினாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். சர்க்கரை கேட்கும் சாக்கில் காலிக் கோப்பையோடு கொல்லைவழியாக உள்ளே போனாள்.

லென் தன் பெண்டாட்டி ஹெட்டியின் முடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை அடுப்பில் அழுத்திக்கொண்டிருந்தான். அடுப்பின் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி காய்ந்துகொண்டிருந்தது.

கான்ஸ்டபிள் ஹோல்ராய்ட் வந்தபோது லென் மாடிப்படிக்குக் கீழே கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. மூச்சில்லை.

ஹெட்டி வெந்த கன்னத்தில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். பேசியதெல்லாம் வின்னி.

"மழை வேற பாருங்கய்யா, பூட்ஸ் வேற புதுசு, கிளப்புல ஏத்துனது வேற, இந்தப் படி வேற செங்குத்து..."

அந்த ஊர்க்காரர்கள் 'வாட் வித்', அதாவது 'இது வேற, அது வேற' என்று ஓர் இழுவையோடு தொடங்கி இப்படித்தான் அடுக்குவார்கள். ஒரு காரணம் சொன்னால் யார்மேலாவது விரல் நீட்டியதாகிவிடும். நாலைந்தைக் கொட்டிவிட்டால் எவர் மேலும் ஒட்டாது. நல்ல ஏற்பாடு.

போன வருஷம் ஹெட்டியின் பல் உடைந்தபோது லென்னும் இப்படித்தான் அடுக்கினான். இதே ஹோல்ராய்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது அவர் சமையலறைத் தரையின் ஈரத்தைப் பார்த்தார். அது மழை ஈரமல்ல. ஹெட்டியின் கன்னத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"படி செங்குத்துதான்," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் போனார்.

கதவு சாத்தியபிறகுதான் ஹெட்டிக்குக் குரல் வந்தது.

"முதல் அடியிலயே விழுந்துட்டானே வின்னி. அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு?"

வின்னி இஸ்திரிப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தாள். அடுக்க எதுவும் அகப்படவில்லை.

"அடிக்கப் பிடிச்சிருந்துது, கண்ணு."

அடுத்த கோடையில் ஹெட்டி பிரிட்லிங்டனில் ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு கடலோரம் குடியேறினாள். தங்கமான மனுஷன் என்று கேள்வி. கல்யாணத்துக்குத் தெருவில் ஒரு வீடு விடாமல் அழைத்தாள், வின்னியைத் தவிர.