கரும்புச் சக்கையின் கணக்கு

“சக்கைய எரிச்சுத்தானே எத்தனால் காய்ச்சறோம், அதுக்குத் தனியா எரிபொருள் ஏதுங்க—”

“உரம், டீசல், பம்புசெட்டு? எத்தனால்ல வர்ற சக்தியவிட அதுக்குப் போறது ஜாஸ்தி மேடம். ஆதாரம் இருக்கு.”

“யாரோட ஆதாரம்? மக்காச்சோளத்துக்குப் போட்ட கணக்கக் கொண்டுவந்து கரும்புத் தலையில கட்டாதீங்க.”

தேவசகாயம் சிரித்தார். ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கி, அவரும் எஸ்தரும் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் ஓயாத சண்டை. அவர் நினைவிலிருந்து எல்லாம் போனபின் இது மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால் எஸ்தர் தினமும் காபியோடு இதைத்தான் தொடங்குவாள்.

இன்று அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, என் சம்சாரமும் இதையேதான் சொல்லுவா. யோசிச்சுப் பாத்தா அவ கணக்குதான் சரி. அவகிட்ட சொல்லணும்.”

எஸ்தர் அவருடைய டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“காலையிலேருந்து ஆளக் காணோம். நீங்க எங்கயாவது பாத்தீங்களா, மேடம்?”