ஹோரஸ் வேஷம்

ஆறு மணி அடித்த இரண்டாவது நிமிடமே முதல் சூனியக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள்.

அமெரிக்காவில் எங்கள் டெ மாய்ன் ஊரில் ஹாலோவீனுக்கு வேஷம் போட்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் சும்மா கிடைக்காது. முதலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். பேயானாலும் சரி, பிசாசானாலும் சரி.

பேய்க்கு ஏன் பொய் சொல்ல வராது என்று கேட்டாள் சூனியக்காரி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடுமாம். நூற்றுக்கு நாற்பது மார்க் என்றேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு முறைத்துவிட்டுப் போனாள்.

என்ன செய்வது, மார்க் போடுவது என் தொழில். இருபத்தாறு வருடமாக உள்ளூர்ப் பத்திரிகையில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதுகிறேன். இலையுதிர் காலம் வந்தால் புதிய தொடர்கள் வரும். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வாரப் பகுதிகளை முன்கூட்டியே எனக்கு அனுப்பிவிடுவார்கள். பார்ப்பேன், மார்க் போடுவேன், பாதியைப் புதைப்பேன்.

பிறகு ஹாலோவீன் அன்று வாசலில் நின்று, எந்தத் தொடரின் வேஷம் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பத்திரிகையில் போடுவேன். நல்ல தொடர்களைத்தான் பார்க்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். பெற்ற பிள்ளைக்கு மீசை வரைந்து தெருவுக்கு அனுப்புகிறவள் பொய் சொல்வதில்லை.

இந்த வருடம் எண்ணும்போது எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருந்தது.

'ஹோரஸ் வீட்டில் இருக்கிறார்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். நாளெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து அதையே திட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். மனைவி சமையலறையில் நின்று இரண்டு வசனம் பேசுவதோடு சரி. நூற்றுக்கு ஒன்பது போட்டேன். இப்படி ஓர் ஆள் பூமியில் கிடையாது, எழுதியவர் மனிதர்களையே பார்த்ததில்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாசலுக்கு ஒரே ஒரு ஹோரஸ் வந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன் என்றும் எழுதித் தொலைத்தேன்.

தவளை தன் வாயால் கெடும். பத்திரிகை ஆசிரியர் ரோண்டா அந்த வரியையே தலைப்பாக்கிவிட்டாள். என் பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாசகர் வாக்கெடுப்பு போட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை.

"நீங்களே எண்ணுங்க வெண்டல். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றாள்.

ஏழேமுக்கால் வரை கடற்கொள்ளையர்கள் வந்தார்கள், விண்வெளி வீரர்கள் வந்தார்கள், ஒரு கெட்சப் பாட்டில் வந்தது. நான் தொண்ணூற்றிரண்டு மார்க் கொடுத்த சரித்திரத் தொடரிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. போகட்டும். ஹோரஸும் வரவில்லை.

எட்டு மணியோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசல் விளக்கை அணைக்கக் கை நீட்டினேன்.

ஒரு சிறுமி படியேறி வந்தாள். ஒன்பது, பத்து வயதிருக்கும். பழுப்புக் கம்பளிச் சட்டை, பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள். காதில் பென்சில். மூக்கு நுனியில் கண்ணாடி. மையால் வரைந்த மீசை.

தொடரில் ஹோரஸும் இப்படித்தான் இருப்பான்.

தாத்தா வேஷமா என்று கேட்டேன். ஆமாம் என்று மட்டும் அவள் சொல்லிவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெருவோரம் நின்றிருந்த தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். இந்த அங்கிளும் ஹோரஸ் வேஷம்தான். என்னோடத விட அச்சு அசலா இருக்கு."

குனிந்து பார்த்தேன். என் பொத்தான்களும் ஒன்று தள்ளித்தான் இருந்தன. எண்ணிக்கை குறிப்பதற்காகக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு பொருத்தமான சட்டை எந்தக் கடையில் கிடைத்தது என்று விசாரித்தாள். வீட்டிலேயே இருந்ததுதான் என்றேன்.

பேனா போயிற்று. ரோண்டாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அப்போது நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

விமர்சனத்தில் நான் எழுதாத, ரோண்டாவிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தத் தொடரை எழுதிய மார்லிஸ் டெக்கர் பதினான்கு வருடம் எனக்கு மனைவியாக இருந்தவள். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டாள் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

எனக்கு அனுப்பிய இரண்டு வாரத்துக்கு மேல் அந்தத் தொடரை நான் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

சிறுமியிடம் கேட்டேன், ஹோரஸின் மனைவி அதற்கப்புறம் என்ன ஆகிறாள் என்று. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இதுகூடத் தெரியாமலா வேஷம் போட்டிருக்கிறாய் என்பதுபோல் பார்த்தாள்.

"மூணாவது வாரத்துலேருந்து எல்லா வாரமும் கடைசில அவங்க பெட்டியத் தூக்கிட்டு வந்து பக்கத்துல நிப்பாங்க. ஹோரஸ், ஒண்ணு சொல்லணும்பாங்க. அவரு திரும்பக்கூட மாட்டாரு. கைய மட்டும் தூக்கி, விளம்பரம் வரட்டும்பாரு. அந்த இடம்தான் அங்கிள் செம காமெடி. எங்க வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம்."