இன்னும் ஒரு தட்டு

கீபோர்டில் நிறங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு, பச்சை, நீலம், மறுபடியும் சிவப்பு.

"திருவிழா சீரியல் செட்டு மாதிரில்ல இருக்கு," என்றான் தம்பி. "இதையே எடுப்போம்க்கா."

அக்கா பார்வையை வேறு பக்கம் திருப்பினாள்.

ஒரு வாரமாகவே அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. விசேஷ வீடு, தாய்க்காரி ஓய்ந்துபோயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யாருக்காகக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்களோ அந்தப் பிள்ளை கடைக்கு வரவில்லை.

வரக்கூடாது.

வீட்டின் பின்னறையில் ஓலைப்பாயில் உட்கார்ந்திருக்கிறாள். தனித் தட்டு, தனித் தம்ளர். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சடங்கு முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது. கணக்குப் பரீட்சை போய்விட்டது. நாளை அறிவியலும் போகும்.

கடைக்காரர் கேட்டார்.

"பையன் எத்தனாவது படிக்கிறாண்ணே?"

"பையனில்ல. அக்கா மக. சமஞ்சிருக்கு. தாய்மாமன் சீரு."

"எல்லாரும் பட்டுச்சேல, கொலுசுன்னு வைப்பாங்க. நீங்க கிராபிக்ஸ் கார்டு வைக்கிறீங்க. இப்படி ஒரு மாமன் கெடச்சிருந்தா நானும் சமஞ்சிருப்பேன்."

கடையிலிருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

மகளின் உடம்பு இங்கேயும் ஒரு சிரிப்புக்கு ஆகிவிட்டது.

தம்பி நல்லவன். கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியாமல்போனதும் அதனால்தான். என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். கம்ப்யூட்டர் என்று பிள்ளை சொன்னதும் யோசிக்காமல் சரி என்றான். அக்காவின் மாமியார் வீட்டில் முகம் சுளித்தபோது, பிள்ளை கேட்பதுதான் சீர் என்று அவர்கள் வாயை அடைத்தான்.

பெரிய திரை எடுத்தான். மவுஸ் எடுத்தான். சாய்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு நாற்காலியும் எடுத்தான். விலையே கேட்கவில்லை.

காலையில் பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் நிறைமதி சொன்னது ஒன்றுதான்.

"மத்ததெல்லாம் மாமா இஷ்டம். மைக் மட்டும் நல்லதா பாத்து வாங்கும்மா."

ஆன்லைன் விளையாட்டில் ஐந்து பேர் கொண்ட அணிக்கு நிறைமதி தலைவி. மற்றவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. அப்பாவின் பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து அவள் "இடது பக்கம் போ, இப்பச் சுடாத, இரு" என்றால் அவர்கள் இருப்பார்கள்.

தாய் ஒருநாள் கதவோரம் நின்று அதைக் கேட்டாள். அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் பேசியிராத குரல். அதட்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை.

தம்பியின் போன் அடித்தது. மைக் செட்காரர்.

"குழாய் ஸ்பீக்கர் நாலு பத்தாதுண்ணே, ஆறாக் கட்டுங்க. ஒவ்வொரு தட்டும் உள்ள வர்றப்ப என்ன சீருன்னு அறிவிக்கணும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும்."

பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பூப்புனித நீராட்டு விழா. கீழே மகளின் முகம், ஆள் உயரத்துக்கு. பள்ளி அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு ஹெட்செட் பக்கம் திரும்பினான்.

"மைக் இல்லாததாக் குடுங்க."

"கேமிங் ஹெட்செட்டுன்னா மைக்கோடதான்ணே வரும்."

"கழட்ட முடியாதா?"

"முடியும். எதுக்குண்ணே?"

"வயசுக்கு வந்த பிள்ள. கண்ட பயலுககிட்டப் பேசிட்டுக் கெடக்கும். வெளையாடட்டும், வேணாங்கல. பேச்சு எதுக்கு?"

கடைக்காரர் ஒரு இழுப்பில் கழற்றிவிட்டார். பல் பிடுங்குவதைப்போல.

அது கண்ணாடி மேஜைமேல் உருண்டு நின்றது. விரல் நீளம். நுனியில் கறுப்புப் பஞ்சு.

இங்கே அவள் கத்தினால் மண்டபத்தில் தம்பி முகத்தைத் தூக்கிக்கொள்வான். சீர் வராது. பழியைப் பிள்ளை தலையில் கட்டுவார்கள்.

தம்பி விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான். சிபியுவும் நாற்காலியும் தட்டில் அடங்காது. திரை ஒரு தட்டு. கீபோர்டு ஒரு தட்டு. மவுஸ், ஹெட்செட். அப்புறம் வீட்டிலிருக்கும் சேலை, பழம், பூ, இனிப்பு.

நின்றான். முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.

"ரெட்டப்படையால்ல வருது. சீர்த்தட்டு ஒத்தப்படையா இருக்கணும்."

தாடையைச் சொறிந்தான்.

"இன்னும் ஒரு தட்டு வேணும்க்கா. வளையல் வைக்கவா, கற்கண்டு வைக்கவா? நீயே சொல்லு. கடைக்கு வந்ததிலேருந்து நீ ஒண்ணுமே சொல்லல. எதச் சொன்னாலும் வைக்கிறேன்."

கடைக்காரரும் அவளைப் பார்த்தார்.

அவள் மைக்கை எடுத்தாள். தம்பியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள்.

"இத வை. தனித் தட்டுல. என்னன்னு அறிவிக்கச் சொல்லு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கட்டும்."

கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தம்பி கையைப் பார்த்தான்.

விரல்கள் மூடவில்லை. கை விலகவும் இல்லை.