மூஞ்சி தெரியாத டம்ளர்

"மொதல்ல அந்தக் கேமராவக் கீழ வைங்க! எவ்ளோ காசு போட்டு எடுத்தாலும் டம்ளர்ல உங்க மூஞ்சிதான் தெரியும்!"

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது! என் காசு, என் டம்ளரு. நீ சும்மா இரும்மா!"

நேரு வீதிக் கேமரா கடையின் கல்லாவில் உட்கார்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்த வசந்தா, "அப்புறம் பேசறேன்டி" என்று பாதியில் வைத்தாள். அடுத்த தெருச் சண்டைக்கே அவள் காது நீளும். புருஷன் பெண்டாட்டி சண்டை, அதுவும் சொந்தக் கடைக்குள்ளேயே நடந்தால் விடுவாளா?

"என்ன சார் வேணும்?" என்று நடுவில் புகுந்தாள்.

"தட்டாஞ்சாவடில எவர்சில்வர் பட்டறை வச்சிருக்கேன் மேடம். ஆன்லைன்ல படம் போட்டும் ஒரு டம்ளர் ஓடல. இந்தப் பொங்கலுக்கும் ஆர்டர் வரலன்னா பட்டறைய மூட வேண்டியதுதான். அதான் நல்ல கேமராவா..."

"கேமராவுல என்ன இருக்கு?" அந்தப் பெண் விடவில்லை. "எவர்சில்வர் கண்ணாடி மாதிரி. எதிர்ல நிக்கறதெல்லாம் காட்டும். சுத்தி வெள்ளைத் துணி வேணும். இருக்கற கேமராவே போதும். ஒரு ஸ்டாண்டு, ரெண்டு லைட்டு, ஒரு லைட் டென்ட் வாங்குங்க."

"துணி கட்டறதுக்கு நான் என்ன பந்தலா போடறேன்?"

"பந்தல் போட்டாத்தான் பொழைப்பீங்க!"

வசந்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷமாவது இருக்கும். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வெளியே வந்த இடத்திலாவது ஜெயிக்கலாமென்று பாவம், இவன் முட்டிப் பார்க்கிறான்.

"சண்டை எதுக்கு? இங்கயே பார்த்துடலாம்" என்று, தான் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் வைத்தாள். அவன் ஆசைப்பட்ட கேமராவிலேயே ஒரு படம் எடுத்தான். டம்ளருக்குள் டியூப்லைட், மின்விசிறி, வசந்தாவின் பாதி உடம்பு, நடுவில் பூசணிக்காய் போல அவன் மூக்கு.

அந்தப் பெண் கடையிலிருந்த லைட் டென்ட்டை விரித்து, அந்த வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் டம்ளரை வைத்தாள். இருபக்கமும் லைட்டைப் போட்டாள். "ம், இப்ப எடுங்க."

எடுத்தான். டம்ளர் பாலில் குளித்து எழுந்தாற்போல மின்னியது. அதில் ஓர் ஈயின் நிழல்கூட இல்லை.

வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தான். பிறகு கேமராவை மெல்லக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "டென்ட்டுக்குப் பில்லு போடுங்க மேடம். லைட்டு, ஸ்டாண்டும் சேத்து" என்றான்.

கேமரா விற்காமல் போனதுகூட வசந்தாவுக்கு உறைக்கவில்லை. தானே ஜெயித்ததுபோல ஓர் உற்சாகம்.

"பேரு?"

"லூர்துபிரகாஷ்."

"கிறிஸ்துமஸுக்குத் தம்பதிக் குலுக்கல் வச்சிருக்கோம் சார். விழுந்தா பீச் ரோட்டு ஓட்டல்ல ரெண்டு பேருக்குச் சாப்பாடு. வீட்டுக்காரங்க பேரையும் சொல்லுங்க, கூப்பன்ல எழுதிக்கறேன்."

அவன் கூப்பனைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான். கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான்.

"உங்க பேரு என்னங்க?"

"லினெட்" என்றாள் அவள், முகம் சிவக்க. "மெமரி கார்டு வாங்கலாம்னு வந்தேன்."

வசந்தாவின் கையிலிருந்த பேனா உருண்டது. "அப்ப இவரு டம்ளர்ல இவரு மூஞ்சி தெரியுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அம்மாவுக்கு டம்ளர் வாங்க ஆன்லைன்ல பார்த்தேன் மேடம். எல்லா டம்ளர்லயும் இவருதான் நின்னாரு. சட்டை இல்லாம, கட்டம் போட்ட லுங்கியோட."

பொங்கலுக்குப் பட்டறை ஓயாமல் ஓடியது. ஈஸ்டர் கழிந்து கல்யாணம். லினெட் தட்டாஞ்சாவடிக்கே குடிபோய்விட்டாள். படமெடுப்பதும் இப்போது அவள்தான். வசந்தா தினமும் ஆன்லைனில் வரும் ஒவ்வொரு டம்ளர் படத்தையும் போனில் பெரிதாக்கி அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாள்; அவளே விற்ற பாழாய்ப்போன டென்ட், ஒன்றையும் காட்ட மாட்டேனென்கிறது.