தெருவுக்கே என்னைத் தெரியும்

"இந்தத் தெருவுல ஒரு கல்லுகூட என்னைத் தெரியாதுன்னு சொல்லாது லா!"

ஈப்போவுல ரயில் ஏறுனதுலேருந்து தனசேகரன் இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு. கூட வந்த கூட்டாளி சேதுபதிக்குக் காதே புளிச்சுப் போச்சு.

அது அறுபத்தொண்ணாம் வருஷம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூரு சிராங்கூன் ரோடு முழுக்க ஜனம். கடைக்குக் கடை ரிடிஃபியூஷன் ரேடியோப் பெட்டி பாடிக்கிட்டிருக்கும். காலி பால் டின்னுல காப்பியை ஊத்தி, கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கிட்டுப் போவாங்களே, அந்தக் காலம்.

தனசேகரன் ஆறு வருஷம் கழிச்சு வர்றாரு. புதுச் சட்டை, புது வாட்ச்சு. அப்ப இல்லாத மீசை, அப்ப இல்லாத தொப்பை.

"மொதல்ல யாக்கூப் பாய் சரபத் கடை. என்னைப் பாத்தா கட்டிப் புடிச்சுக்குவாரு பாரு."

பாய் தேத்தண்ணியை ஒரு முழம் இழுத்து ஆத்திக்கிட்டிருந்தாரு.

"பாய்! யாருன்னு தெரியுதா?"

பாய் நிமிந்து பாத்தாரு. தேத்தண்ணி பாதி கிளாஸுல, பாதி கால்ல ஊத்திச்சு. அப்புறம் மூக்காலயே சொன்னாரு. அவரு எப்பவும் மூக்காலதான் பேசுவாரு.

"தெரியலியேங்... என்ன வேணுங்?"

"தனசேகரன் பாய்! இந்த மேசை மேல ஏறி நின்னு பாட்டு பாடுவேனே!"

"மேசை மேல ஏறுனா அடிப்பேங். வேற கடை பாருங்க."

அடுத்தது பூக்கார ரத்தினம்மா. 'மல்லிமல்லிமல்லி வாங்கம்மாவாங்கம்மா'ன்னு மூச்சு விடாம கத்துற பொம்பளை. தனசேகரனைப் பாத்ததும் கப்புனு நின்னுச்சு.

"ரத்தினக்கா, நாந்தான்!"

"நாந்தான்னா யாரு? யாவார நேரத்துல வழிய மறிச்சுக்கிட்டு! நவுரு! மல்லிமல்லிமல்லி..."

சேதுபதிக்கு சிரிப்பு தாங்கல. "அண்ணே, மனுசங்க வேணாம். அந்தக் கல்லுங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாமா?"

"நன்றி கெட்ட ஜனம்! ஆறு வருஷத்துல மறந்துட்டானுங்க பாரு!" தனசேகரன் மூஞ்சி சிவந்து போச்சு. "வா, மருதப்பன் பிரேம் கடைக்கு. அவனும் நானும் ஒரே தட்டுல தின்னவங்க."

மருதப்பன் வாயில எந்நேரமும் ரெண்டு ஆணி இருக்கும். வர்றவங்களுக்கு எல்லாம் "ம்ம்? ம்ம்ம்"தான் பதில்.

கடைச் செவுத்துல முருகன், லட்சுமி, மாதா, மக்கா எல்லாரும் வரிசையா இருந்தாங்க. அந்த வரிசைக் கடைசியில தனசேகரன் இருந்தாரு.

மீசை இல்லாம, ஒல்லியா, கல்யாணத்தப்ப எடுத்த படம். நெத்தியில சந்தனப் பொட்டு. கழுத்துல மல்லிகை மாலை. கீழ ஊதுவத்தி.

"டேய் மருதப்பா! உசுரோட இருக்கறவனுக்கு மாலை போட்டிருக்கியேடா! உனக்கு அறிவிருக்கா?"

ஸ்டூல் மேல தாவி ஏறி மாலையில கைய வச்சாரு.

மருதப்பன் ஆணியக் கையில துப்புனாரு. "எடுக்காதே. நீ செத்து ஆறு வருஷம் ஆச்சு."

"என்னடா ஒளர்ற?"

"சரஸ்வதியையும் ரெண்டு வயசுப் புள்ளயையும் விட்டுட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போனியே, அன்னிக்கு. புள்ள அப்பா எங்கன்னு கேட்டுச்சு. விட்டுட்டு ஓடிட்டாருன்னு சொல்ல உம் பொண்டாட்டிக்கு வாய் வரல. செத்துட்டாருன்னு சொல்லிடுச்சு."

சேதுபதி சிரிப்பு நின்னு போச்சு. "அண்ணே... உங்களுக்குக் குடும்பமே இல்லன்னீங்களே?"

தனசேகரன் மெதுவா ஸ்டூல விட்டு எறங்குனாரு.

"படம் ஏன் இங்க..."

"அதுங்க இருக்கறது பலகைத் தடுப்பு ரூமு. ஒரு ஆணி அடிச்சா அடுத்த ரூமுக்காரன் தலையில வெளிய வரும். அதான் எஞ்செவுத்துல மாட்டியிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புள்ள வந்து பூ வச்சுட்டுப் போவும்."

"நான் எப்படிச் செத்தேனாம்?"

"சாங்கி கடல்ல. ஒரு சீனப் புள்ள முழுகுச்சு. நீ குதிச்சுக் காப்பாத்திட்டுப் போயிட்ட. உனக்கு நீச்சல் தெரியாதுன்னு தெருவுக்கே தெரியும். இருந்தாலும் யாக்கூப் பாய்தான் அந்தக் கதையக் கட்டுனாரு. உன்னை நல்லவனாத்தான் சாகடிச்சு வச்சிருக்கோம்."

வாசல்ல நெழல் விழுந்துச்சு. யாக்கூப் பாய்தான். தோள்ல துண்டு, பின்னால ரத்தினம்மா.

"தம்பி, புள்ள வர்ற நேரம். கெஞ்சிக் கேக்குறேன், போயிடு." இந்தத் தடவ அவரு மூக்கால பேசல.

போறதுக்குள்ள புள்ள வந்துடுச்சு. ரெட்டைச் சடை, கையில இலையில சுத்துன பூ. பழக்கப்பட்ட வீடு மாதிரி ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி, பழைய மாலைய எடுத்துட்டுப் புதுச போட்டுச்சு. கண்ண மூடிக் கும்பிட்டுச்சு.

எறங்கித் திரும்புனா, எதுக்க புது ஆளு. மேலயும் கீழயும் பாத்துச்சு.

"மாமா, நீங்க எங்கப்பாவப் பாத்திருக்கீங்களா? இங்க எல்லாரும் பாத்திருக்காங்க. ஆளுக்கொரு கதை சொல்வாங்க. நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன்."

மருதப்பன் இறுக்கி மூடுன கையில ஆணி குத்துச்சு, அவரு கையத் தொறக்கல.

தனசேகரன் செவுத்துப் படத்த ஒரு தடவ பாத்தாரு.

"இல்லம்மா. நான் இந்தத் தெருவுக்குப் புதுசு. சும்மா கடை பாக்க வந்தேன்."