இருபத்திமூணாவது டேக்

"என் பையன் ஒரு வேலையையும் உருப்படியா முடிச்சதில்லம்மா. பாரு, பாட்டைத் தொறந்தாலே எல்லாம் தானா மூடிக்குது."

சவுரிமுத்து சொன்னதைக் கேட்டு சத்யபிரியாவுக்கு என்னவோ போலிருந்தது. எதிர்ச் சுவரில் அந்தப் பையனின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பெயர் அன்பு. வண்டலூர் பக்கம் பைக் விபத்தில் இறந்து, வருகிற ஞாயிறோடு ஒரு வருஷம்.

சத்யபிரியா மேடவாக்கத்திலிருந்து வந்திருந்தாள். பாட்டு ரெக்கார்டிங் பண்ணும் சாஃப்ட்வேர் தகராறு செய்தால், வீட்டுக்கே போய்ச் சரிசெய்து தருவது அவள் வேலை.

"எந்தப் பாட்டு சார்?"

"நான் பாடின மாதா பாட்டு. அவன் கடைசியா ரெக்கார்டு பண்ணது அதான். கோயில்ல நெனவு பூசையில போடணும்னு பேபி ஆசைப்படறா. அந்த ஒரு பாட்டை இருபத்திமூணு வாட்டி பாட வெச்சான்மா. கேட்டா, மைக்கு சரியில்லப்பான்னுவான். ஒரு மைக்கை ஒழுங்கா வெக்கத் தெரியாது, இவனெல்லாம் ரெக்கார்டிங் பண்ண வந்துட்டான்!"

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி பேபி, சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

செத்துப் போனவனைக்கூட விடமாட்டாரா இந்த மனுஷன்? சத்யபிரியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

பாட்டைத் திறந்தாள். பத்து விநாடிதான். திரை அப்படியே நின்றது, சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதேதான்.

பாட்டோடு அன்பு சேர்த்திருந்த துணை சாஃப்ட்வேர்களை எல்லாம் அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தாள். இப்போது மூடிக்கொள்ளவில்லை. அப்படியென்றால் ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும்.

கீபோர்டு ஓடியது. வயலின் ஓடியது. தபேலாவும் பிரச்னை பண்ணவில்லை. 'அப்பா 23' என்று பெயர் வைத்திருந்த குரலுக்கு வந்ததும் பொசுக்கென்று எல்லாம் மூடிக்கொண்டது.

அந்தக் குரலில் இருந்தது ஒரே ஒரு துணை சாஃப்ட்வேர். சுருதி விலகினால் இழுத்து நேராக்குகிற ரகம். பழைய வெர்ஷன். கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆனதில் ஒத்துப்போகாமல் போயிருக்கிறது.

அதை மட்டும் அணைத்துவிட்டுக் குரலை ஓடவிட்டாள்.

இரண்டாவது வரியிலேயே குரல் நடுங்கியது. மேலே போக வேண்டிய இடத்தில் பாதி வழியில் சரிந்தது. சரணத்தில் உடைந்தே போனது.

சத்யபிரியா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சவுரிமுத்து கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, கண்டுபுடிச்சியா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் சார். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"உள்ள போய் வாங்கிக்கோ."

சமையலறையில் பேபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் குரலைக் கேட்டுட்டியாம்மா?"

"கேட்டேன் ஆன்ட்டி."

"அறுபது தாண்டினதுமே நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. முப்பது வருஷமா கோயில்ல பாடற மனுஷன். தெரிஞ்சா ஒடைஞ்சி போயிடுவார்னு அன்புதான் மறைச்சான். 'மைக்கு மேல பழியைப் போட்டுக்கறேன்மா, திட்டினா திட்டிட்டுப் போகட்டும்'னான். நீயும் சொல்லிடாதம்மா."

சத்யபிரியா தலையாட்டினாள். திரும்பி வந்து அந்தச் சுருதி சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட்டாள். திறந்ததும் அன்பு செய்திருந்த திருத்தங்கள் திரை முழுக்க விரிந்தன. நூற்றுக்கணக்கில். எழுத்து எழுத்தாகக் கையாலேயே நிமிர்த்தியிருந்தான். எத்தனை வாரம் உட்கார்ந்தானோ.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். கணீரென்று வந்தது பாட்டு. எங்கேயும் நிற்காமல் கடைசிவரை ஓடியது.

"ஆங், இதான் என் குரல்!" என்றார் சவுரிமுத்து, சமையலறைக்குக் கேட்கிற மாதிரி. "அவன் மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

அவள் கிளம்பும்போது, கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரும் கூடவே நடந்து வந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றதும் கேட்டார்.

"ஹெட்போன்ல என் குரலைக் கேட்டியே, ரொம்ப மோசமாம்மா?"

சத்யபிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"டெய்லி குளிக்கும்போது பாடறேன். காது நல்லாத்தானே கீது எனக்கு?"

"தெரிஞ்சேவா சார் உங்க பையனைத் திட்டினீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேலைக்குப் போனா பொழுது சாஞ்சிதான் வூட்டுக்கு வருவான். வந்தா ரூமுக்குள்ள பூந்துக்குவான். ஞாயித்துக்கெழம பாட்டு எடுக்கும்போதுதான் என் பக்கத்துல உக்காருவான். என் குரல் போச்சுடான்னு சொல்லிட்டா, அப்புறம் எதுக்கும்மா உக்காரப் போறான்? அதான் மைக்கைத் திட்டிகினு மறுபடி மறுபடி பாடினேன். ஒரு நாளு அவன்கிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தேன்..."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடவாக்கம் பஸ் வந்து நின்றது.

"ஆன்ட்டிகிட்டயாவது சொல்லிடுங்க சார். நீங்க திட்டும்போது அவங்க எவ்ளோ கஷ்டப்படறாங்க."

"வேணாம்மா" என்றார் சவுரிமுத்து. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினுதான் அவன் போனான். நான் தெரியாதவனாவே இருந்துட்டுப் போறேன்."